எத்தனாவது ஜுஸ்உ என்று கேட்பதற்கு முன்

சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் வட்டாரத்து மதரஸாப் பிள்ளைகளின் அத்தாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும்,



உங்கள் பிள்ளைகளின் ஓதலைக் கேட்க வரும்போதெல்லாம் உங்களிடமிருந்து எனக்கு முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: “பையன் எத்தனாவது ஜுஸ்உங்க ஹஜ்ரத்?” பதினைந்து என்றால் முகம் மலர்கிறது. இன்னும் ஜுஸ்உ அம்மவில்தான் இருக்கிறான் என்றால், “ரெண்டு வருஷமாச்சுங்களே” என்று குரல் இறங்கிவிடுகிறது. கேள்வியில் இருக்கும் அக்கறையை நான் குறைத்து நினைக்கவில்லை. இரவு ஷிப்ட் தறி ஓட்டிவிட்டு வந்த அலுப்போடு பிள்ளையை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, ஆறு மணிக்கு மதரஸாவில் உட்கார வைக்கிறவர்கள் நீங்கள். ஏழரைக்குள் பள்ளிக்கூட வேன் வந்துவிடும். இவ்வளவு பாடுபடுகிறவர்கள் பிள்ளை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அறிய விரும்புவது நியாயம். ஆனால் அதை ஜுஸ்உ எண்ணிக்கையால் அறிய முடியாது. ஏன் முடியாது, வேறு எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லவே இந்த மடல்.

குர்ஆனில் 114 சூராக்கள். அவை ஒரே அளவானவை அல்ல. பகரா சூராவில் 286 வசனங்கள்; கவ்ஸர் சூராவில் மூன்றே வசனங்கள். நாளுக்கு ஒரு பங்காக ஒரு மாதத்தில் ஓதி முடிக்க வசதியாக, முழுக் குர்ஆனையும் அளவு பார்த்து 30 பங்காகப் பிரித்தார்கள். அதுதான் ஜுஸ்உ. அளவை மட்டுமே பார்த்த பிரிவு என்பதால் ஒரு சூராவின் நடுவிலேயே ஒரு ஜுஸ்உ முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். பகரா மட்டுமே ஏறக்குறைய இரண்டரை ஜுஸ்உக்கு ஓடுகிறது. கடைசி ஜுஸ்உவான ஜுஸ்உ அம்மவிலோ 37 சூராக்கள் இருக்கின்றன. வாரத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு ஏழு மன்ஸில்கள் உண்டு. இது நபித்தோழர்களின் வழக்கத்திலிருந்து வந்தது. ஃபாத்திஹாவைத் தனியே வைத்துவிட்டு முதல் நாள் மூன்று சூரா, அடுத்து ஐந்து, பிறகு ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று, ஏழாம் நாள் காஃப் சூராவிலிருந்து கடைசி வரை. கூட்டிப் பாருங்கள்: 48 வரும். ஃபாத்திஹாவைச் சேர்த்தால் 49. காஃப் ஐம்பதாவது சூரா. இந்தப் பிரிவுகள் எல்லாம் ஓதத் தெரிந்தவர் தம் நாட்களைப் பங்கிட்டுக்கொள்வதற்கான ஏற்பாடு. ஏழு வயதுப் பிள்ளையின் ஓதலுக்கு மார்க் போட யாரும் இவற்றைச் செய்யவில்லை.

பிள்ளையின் ஓதலை அறிய ஏழு வசனங்கள் போதும். ஃபாத்திஹாவை ஓதச் சொல்லுங்கள். ஐவேளை ஃபர்ளுத் தொழுகையில் மட்டும் 17 ரக்அத். தனியாகத் தொழும்போது ஒவ்வொன்றிலும் நாம் ஓதுவது அதைத்தான். அதைக் கேட்கும்போது என் காது எங்கெங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். ‘அல்ஹம்து’வில் வருகிற ஹா தொண்டையின் நடுவிலிருந்து உரசிக்கொண்டு வர வேண்டும், பல பிள்ளைகளுக்கு அது ‘ஹலோ’வில் வருகிற ஹாவாகிவிடுகிறது. ‘இய்யாக’வில் யா இரட்டிக்க வேண்டும், அவசரத்தில் அது ஒற்றையாகிவிடும். ‘ஸிராத்’தின் ஸாத் ஒலிக்கும்போது நாக்கின் பின்பகுதி மேலெழுந்து ஒலி கனக்க வேண்டும், வருவதோ ‘சிரா’ என்ற மெல்லிய ஒலி. ‘அன்அம்த’வில் ஐன் தொண்டைக்குள் அழுந்தி வர வேண்டும், நம் பிள்ளைகள் அதை விழுங்கிவிட்டு ‘அனம்த’ என்று போய்விடுவார்கள். அதே சொல்லின் கடைசியை ‘து’ என்று முடித்துவிட்டால், ‘நீ அருள் புரிந்தாய்’ என்று இறைவனை நோக்கிச் சொல்ல வேண்டியது, ‘நான் அருள் புரிந்தேன்’ என்று ஓதுகிறவரின் கூற்றாகிவிடும். கடைசிச் சொல்லில் உள்ள நீட்டல் ஆறு அளவு. முக்கால்வாசிப் பிள்ளைகள் மூன்றிலேயே மூச்சை விட்டுவிட்டு ஆமீனுக்கு ஓடிவிடுவார்கள்.

ஓதலில் வரும் பிழைகளை அறிஞர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். எழுத்தையோ உயிர்க்குறியையோ மாற்றிவிடுவது வெளிப்படையான பிழை, லஹ்ன் ஜலீ. மூக்கொலியின் அளவு குறைவது, நீட்டல் கூடுவது போன்றவை மறைவான பிழை, லஹ்ன் கஃபீ. இரண்டாவது வகை வருஷக்கணக்கில் பழகப் பழகத்தான் தீரும். முதல் வகையைச் சிறு வயதிலேயே தீர்த்துவிட வேண்டும். பதினெட்டாவது ஜுஸ்உவில் இருக்கிற பிள்ளை ஃபாத்திஹாவில் வெளிப்படையான பிழை விடுகிறது என்றால், பதினெட்டு ஜுஸ்உக்கும் அதே பிழையை ஓதி ஓதி நாக்கில் ஊறவைத்திருக்கிறது என்று பொருள். ஜுஸ்உ அம்மவில் இரண்டு வருஷம் உட்கார்ந்து அந்தப் பிழையைத் திருத்திக்கொண்ட பிள்ளைதான் முன்னே இருக்கிறது.

நம் பிள்ளைகளால் இது முடியுமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. “தமிழ் நாக்குங்க, வராதுங்க” என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தஜ்வீத் என்ற ஓதல் இலக்கணம் கேட்கிற பாதி வேலையைத் தமிழ்ப் பிள்ளைகள் பால்குடி வயதிலேயே கற்றுவிடுகிறார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நாம் இலக்கணம் படிக்கிறோம். கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியக் கணக்கு. தஜ்வீதில் இயல்பான நீட்டல் இரண்டு அளவு. ஹஜ்ரத்மார்கள் அதை விரலை மடக்கித்தான் எண்ணிக் காட்டுகிறார்கள். படு என்பதற்கும் பாடு என்பதற்கும் வேறுபாடு தெரிந்த பிள்ளைக்கு மத்து என்ற நீட்டல் புரியாமல் போகாது. எடு என்பதையும் எட்டு என்பதையும் பிரித்துச் சொல்கிற பிள்ளைக்கு ஷத்து என்ற இரட்டிப்பு கடினம் கிடையாது. நூனுக்குப் பின் பா வந்தால் நூன் மீமாக மாறும் என்பது இக்லாப் சட்டம்; ‘மின் பஃதி’ என்பதை ‘மிம் பஃதி’ என்று ஓத வேண்டும். ஒன்பது என்று எழுதிவிட்டு ஒம்பது என்று சொல்லாத வீடு கோயமுத்தூர் ஜில்லாவில் எங்கே இருக்கிறது? சட்டத்தின் பெயர்தான் பிள்ளைக்குப் புதிது.

எழுத்து பிறக்கும் இடத்தைப் பற்றிய படிப்பும் நமக்கு அந்நியமானதில்லை. எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நெஞ்சும் மிடறும் நாவும் பல்லும் இதழும் மூக்கும் அண்ணமும் எப்படிச் சேர்ந்து ஒவ்வோர் எழுத்தையும் பிறப்பிக்கின்றன என்று அது சொல்கிறது. அரபியில் அதே படிப்பின் பெயர் மக்ரஜ். 1429இல் மறைந்த இமாம் இப்னுல் ஜஸரி அந்த இடங்களைப் பதினேழாக வகுத்துப் பாட்டாகவே எழுதி வைத்தார். இன்றைக்கும் தஜ்வீத் படிக்கிற மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். தமிழில் இல்லாத ஒலிகள் என்று பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான்: காஃப் என்ற அடிநாக்கு எழுத்து, ஐன், கைன், தொண்டை ஹா, நாக்கு நுனி பல்லுக்கு வெளியே தெரிய வரும் ஸாவும் தாலும், கனத்து ஒலிக்கும் ஸாத், ளாத், தா, ளா இவைபோல. இந்தச் சிலவற்றுக்குத்தான் ஆசிரியரின் வாயைப் பார்த்துப் பழக வேண்டும். இதற்கு ஒரு வருஷம் தாராளம். ஆனால் அந்த ஒரு வருஷத்தை நாம் கொடுப்பதில்லை.

அதற்குப் பதிலாக ஒரு குறுக்குவழியைக் கையில் எடுத்திருக்கிறோம். தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாசீன் புத்தகமும், தமிழ் எழுத்தில் ஜுஸ்உ அம்மவும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. வயதான காலத்தில் கற்கத் தொடங்கியவர்களுக்குக் கைத்தாங்கலாக அது இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். இக்லாஸ் சூராவின் முதல் சொல்லைத் தமிழில் ‘குல்’ என்று எழுதுகிறோம். அடிநாக்கிலிருந்து வந்தால் அதன் பொருள் ‘சொல்வீராக’. நம் சாதாரணக் ககரத்தைப் போட்டால் ‘சாப்பிடு’ என்றாகிவிடும். இரண்டுக்கும் தமிழ் எழுத்து ஒன்றே. ளாதுக்கும் அப்படித்தான்: ழகரத்தைப் போட்டு எழுதும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது, ரமழான் என்பதும் அப்படி வந்ததுதான். ஆனால் ழகரத்துக்கு நாக்கு நுனி மேலே வளைகிறது. ளாதுக்கோ நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட வேண்டும். எழுத்தைப் பார்த்துக் கற்ற பிள்ளை வாழ்நாள் முழுக்க ழகரத்தையே ஓதும்.

நம் முன்னோர்கள் இதை நன்றாகவே யோசித்திருந்தார்கள். அவர்கள் குர்ஆனைத் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவரவில்லை. தமிழை அரபு எழுத்துக்குக் கொண்டுபோனார்கள். தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் சில புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி அரபுத் தமிழை உண்டாக்கினார்கள். குர்ஆன் ஓத எழுத்துக் கற்ற பெண்மணி அதே எழுத்தைக் கொண்டு தமிழில் சட்ட நூலும் படித்தார், கடிதமும் எழுதினார். தமிழகத்துக் கரையோர ஊர்களிலும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாக அது வழங்கியது. அந்த ஏற்பாட்டில் ஓதல் கெடவில்லை, தமிழும் கெடவில்லை.

சரி, ஆசிரியர் வாயைப் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்றால் அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? காலை ஒரு மணி நேர மதரஸாவில் ஒரு ஹஜ்ரத்திடம் முப்பது பிள்ளைகள் இருந்தால் ஆளுக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் பிள்ளை ஓத வேண்டும், ஹஜ்ரத் கேட்க வேண்டும், திருத்த வேண்டும், பிள்ளை திரும்ப ஓதிக் காட்ட வேண்டும். “இன்னும் அஞ்சு பக்கம் தள்ளலையா?” என்று நீங்கள் கேட்கிற பயத்தில், திருத்துவதை விட்டுவிட்டு அவரும் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கிடைக்கிற சம்பளத்தையும், பாங்கு, இமாமத், ஜனாஸா, நிக்காஹ் என்று அவர் தலையில் இருக்கிற மற்ற வேலைகளையும் ஜமாஅத்தார் நீங்கள் அறிவீர்கள்.

இன்னொன்றும் நம் ஊருக்கே உரியது. சோமனூரில் வீட்டை ஒட்டியே தறி ஓடும் வீடுகள் நிறைய. விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசியே வளர்கிற பிள்ளை ஓதும்போதும் கத்தித்தான் ஓதும். கத்தும்போது முதலில் காணாமல் போவது மூக்கொலியும் மெல்லிய எழுத்துகளும். ஸீனும் ஸாவும் ஒன்றாகிவிடும். குன்னா என்ற மூக்கொலி இரண்டு அளவு நிற்காமல் வெட்டுப்படும். அந்தப் பிள்ளைக்கு அறிவு மட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மின்வெட்டு நேரத்திலோ தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமையிலோ பக்கத்தில் உட்கார வைத்து, தாழ்ந்த குரலில் ஓதச் சொல்லிப் பாருங்கள். வேறு பிள்ளை ஓதுவது போலிருக்கும்.

கைப்பேசியில் ஓதலைக் கேட்க வைப்பது நல்லதுதான். ஆனால் யாருடையதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். ஹரம் ஷரீஃப் இமாம்களின் ராகத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்தைக் கோட்டை விடுகிற சிறுவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்த இமாம்களிடம் ராகத்துக்கு அடியில் எழுத்து சுத்தமாக இருக்கிறது. சிறுவன் பிடித்துக்கொள்வது மேலே இருப்பதை மட்டும். கற்கிறவர்களுக்கு நான் சொல்வது எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் ஓதல். முழுக் குர்ஆனையும் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்து கொடுத்தவர் அவர். 1961இல் அது வெளிவந்தது. நிதானம், நேர்மையான அளவுகள், அலங்காரம் இல்லாத குரல். அதையும் கேட்டால் மட்டும் போதாது. பிள்ளையின் வாயில் என்ன வருகிறது என்று ஹுஸரிக்குத் தெரியாது, உங்கள் ஹஜ்ரத்துக்குத்தான் தெரியும். கலீஃபா உஸ்மான் அவர்கள் காலத்தில் பிரதிகள் எழுதி நகரங்களுக்கு அனுப்பியபோதும் ஏட்டோடு ஓதிக்கொடுக்க ஓர் ஆளையும் அனுப்பினார்கள் என்று வரலாறு சொல்கிறது. அன்றைய எழுத்தில் புள்ளியும் கிடையாது, உயிர்க்குறியும் கிடையாது. அபுல் அஸ்வத் அத்துஅலீ போன்றவர்கள் பின்னால் சேர்த்தவை அவை. ஏட்டுக்கு முன்பே வாய் இருந்தது.

இப்போது சூராக்களின் வரிசை பற்றி. குர்ஆனை ஓதி முடித்த பிள்ளையிடம் “முதலில் இறங்கிய வசனம் எது?” என்று கேட்டால், “அல்ஹம்து” என்று சொல்கிறது. முதல் பக்கத்தில் இருப்பதால் அப்படி நினைத்துக்கொள்கிறது. ஹிரா குகையில் 610ஆம் ஆண்டு வாக்கில் முதலில் இறங்கியவை அலக் சூராவின் முதல் ஐந்து வசனங்கள். அந்தச் சூரா 96ஆவது இடத்தில் இருக்கிறது. பிள்ளை ஜுஸ்உ அம்மவில் அதை எப்போதோ ஓதித் தாண்டி வந்திருக்கும்; எதைத் தாண்டினோம் என்று யாரும் சொல்லவில்லை.

இறங்கிய காலவரிசைப்படி குர்ஆன் அமையவில்லை. ஃபாத்திஹாவுக்குப் பிறகு பெரிய சூராக்கள், போகப் போகச் சிறியவை என்பது பொதுவான போக்கு. கண்டிப்பான அளவுவரிசையும் கிடையாது: 75 வசனங்கள் உள்ள அன்ஃபால் எட்டாவது, 129 வசனங்கள் உள்ள தவ்பா ஒன்பதாவது. மூன்று வசனக் கவ்ஸர் 108இல் இருக்க, ஆறு வசன நாஸ் கடைசியில் இருக்கிறது. அன்ஃபாலுக்கும் தவ்பாவுக்கும் நடுவே பிஸ்மில்லாஹ் இல்லை. அந்த ஒன்று குறைந்தாலும், நம்ல் சூராவில் சுலைமான் நபியின் கடிதத்துக்குள் பிஸ்மில்லாஹ் இன்னொரு முறை வருவதால் மொத்தம் 114 ஆகிவிடுகிறது. இப்படி ஒன்றைச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை புரட்டிப் பார்க்க ஓடும். சொல்லிப் பாருங்கள்.

ஒவ்வொரு சூராவுக்குள்ளும் வசனங்கள் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே சொல்லி எழுத வைத்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சூராக்களின் வரிசையில் இரண்டு கருத்துகள் உண்டு: அதுவும் அவர்கள் காட்டியதே என்பது ஒன்று, நபித்தோழர்கள் ஆய்ந்து அமைத்தது என்பது இன்னொன்று. ஓர் இரவுத் தொழுகையில் நபியவர்கள் பகரா, பிறகு நிஸா, அதன் பிறகு ஆலு இம்ரான் என்று ஓதியதை ஹுதைஃபா அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இன்றைய வரிசையில் ஆலு இம்ரான் முந்தி வரும். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானதும், உமர் அவர்களின் வற்புறுத்தலால் கலீஃபா அபூபக்கர் அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் அவர்களிடம் தொகுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். பின்னர் உஸ்மான் அவர்கள் காலத்தில் அதே ஸைதின் பொறுப்பில் பிரதிகள் எழுதப்பட்டன. அந்த வரிசையைத்தான் மொரோக்கோவிலிருந்து இந்தோனேசியா வரை ஓதுகிறார்கள். தொழுகையில் பின்னுள்ள சூராவை முதல் ரக்அத்திலும் முன்னுள்ளதை இரண்டாவதிலும் வேண்டுமென்றே ஓதுவதை நம் ஹனஃபி நூல்கள் மக்ரூஹ் என்கின்றன. பிள்ளைகள் நாஸ் சூராவில் தொடங்கிப் பின்னாலிருந்து முன்னோக்கிக் கற்பதற்கு மட்டும், எளிமை கருதி, விலக்கு உண்டு. வரிசை தெரியாத பிள்ளை தொழுகையில் இந்தச் சட்டத்தை எப்படிக் கடைப்பிடிக்கும்?

வசன எண்ணிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 6666 என்று மேடைகளில் சொல்கிறார்கள். நம் கையிலிருக்கும் பிரதியில் ஒவ்வொரு சூராவின் எண்ணிக்கையையும் கூட்டினால் 6236 வரும். கூஃபாவாசிகளின் எண்ணிக்கை முறை அது. மற்ற நகரத்தாரின் முறையில் சிறிது கூடும், குறையும். வசனம் எங்கே முடிகிறது என்று கணக்கிடுவதில் உள்ள வேறுபாடுதான், ஓதும் சொற்கள் அவைதாம். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளையிடம் கூட்டச் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லபடி கழியும்.

ஓதலும் அமைப்பும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு உங்கள் தொழிலிலிருந்தே ஓர் இடத்தைக் காட்டுகிறேன். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் பகராவின் 282ஆவது வசனம். அது எதைப் பற்றியது தெரியுமா? கடன் கணக்கை எழுதி வைப்பதைப் பற்றி. தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுகிறவர் நேர்மையாக எழுத வேண்டும், கடன்பட்டவர் வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சிறிதானாலும் எழுதச் சலிக்கக் கூடாது. நூல் பாக்கியும் கூலி பாக்கியும் வாய்ப்பேச்சில் நின்று தகராறாகிற ஊரில் ஒவ்வொரு தறி முதலாளியும் ஜாப் ஒர்க்காரரும் அறிய வேண்டிய வசனம் அது. மதீனாப் பிரதியில் இந்த ஒரே வசனம் ஒரு முழுப் பக்கத்தை நிரப்பிவிடும். இதை ஒரே மூச்சில் யாரும் ஓத முடியாது. எங்கே நிறுத்தினால் பொருள் நிற்கும், எங்கே நிறுத்தினால் பொருள் உடையும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் வரிக்கு மேலே சின்ன எழுத்துகள்: மீம் இருந்தால் கட்டாயம் நிறுத்து, தோ இருந்தால் நிறுத்துவது நல்லது, ஜீம் இருந்தால் நிறுத்தலாம், லா இருந்தால் நிறுத்தாதே. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸஜாவந்தி வகுத்த முறை இது. இந்தியப் பிரதிகள் இன்றும் இதைத்தான் பின்பற்றுகின்றன. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மூச்சு தீர்ந்த இடத்தில் நிற்கிறார்கள். மேலே இருக்கும் குறி எதற்கென்று கேட்டால் விழிக்கிறார்கள்.

யாசீன் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதன் 52ஆவது வசனத்தைக் கவனியுங்கள். எழுப்பப்பட்டவர்கள், எங்களை எங்கள் உறங்குமிடத்திலிருந்து எழுப்பியவர் யார் என்று அலறுகிறார்கள். அதற்குப் பதிலாக, இதுவே ரஹ்மான் வாக்களித்தது என்ற வாசகம் வருகிறது. கேள்வி முடியும் ‘மர்கதினா’வுக்கும் பதில் தொடங்கும் ‘ஹாதா’வுக்கும் நடுவே மூச்சு விடாமல் ஒரு சின்ன நிறுத்தம் வேண்டும். அதன் பெயர் ஸக்தா. நாம் ஓதுகிற ஹஃப்ஸ் முறையில் இப்படிப்பட்ட இடங்கள் நான்கு. மற்ற மூன்றும் கஹ்ஃப், கியாமா, முதஃப்பிஃபீன் சூராக்களில் இருக்கின்றன. அந்த நிறுத்தம் இல்லாமல் சேர்த்து ஓதினால் ‘எங்களுடைய இந்த உறங்குமிடம்’ என்று காதில் விழும். பதில் கேள்வியோடு ஒட்டிக்கொள்ளும். வியாழன் இரவு வீடு வீடாக யாசீன் ஓதுகிறோம். இந்த ஒரு கணத்தை எத்தனை வீடுகளில் நிறுத்துகிறோம் என்று இந்த வியாழக்கிழமை கவனித்துப் பாருங்கள்.

பக்க ஓரத்தில் ஐன் எழுத்து போட்டு மூன்று எண்கள் இருக்கும். அது ருகூஉ, ஒரு பேச்சு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம். மேலே உள்ள எண் சூராவில் எத்தனாவது ருகூஉ என்பது, நடுவில் உள்ளது அதிலுள்ள வசனங்கள், கீழே உள்ளது அந்த ஜுஸ்உவில் எத்தனாவது என்பது. பாடம் கொடுக்க ஜுஸ்உவை விட, பக்கத்தை விட, ருகூஉதான் பொருத்தமான அளவு. பேச்சு முழுசாக இருக்கும், அர்த்தமும் சொல்லிக்கொடுக்கலாம். நஹ்ல் சூராவில் உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணின் உவமை வருகிறதே, கொடுத்த வாக்கை முறிக்கிறவர்களுக்காகச் சொன்னது, அந்த ருகூஉவை ஓதுகிற அன்று தார் சுற்றுகிற அம்மாவின் பிள்ளைக்கு அதைச் சொல்லாமல் விடலாமா?

பிரதி விஷயத்தில் ஒரு வேண்டுகோள். உம்ரா போய்வந்தவர்கள் அங்கிருந்து 604 பக்க மதீனாப் பிரதி கொண்டுவந்து பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அன்பான பரிசு. ஆனால் மதரஸாவில் இந்திய எழுத்துப் பிரதி, வீட்டில் மதீனா எழுத்துப் பிரதி என்றால் குறிகள் மாறும், பக்கம் மாறும், ருகூஉ இருக்காது. பிள்ளைக்கு மனனம் கண்ணிலும் தங்குகிறது; எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் என்று நினைவு வைக்கும். ஓதி முடிக்கும் வரை ஒரே அச்சுப் பிரதியைக் கொடுங்கள். பரிசுப் பிரதி பிறகு உதவும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்குத் தனியாக ஒன்று. ரமழானில் ஹாபிழ் வைக்கும்போது, “சீக்கிரம் முடிக்கிறவராப் பாருங்க” என்று சொல்கிற வழக்கம் வந்துவிட்டது. இருபது ரக்அத்தும் எத்தனை மணிக்குள் முடியும் என்பதே பள்ளிவாசலின் பெருமையாகிவிட்டது. மூன்று நாளுக்குள் முழுக் குர்ஆனையும் ஓதி முடிப்பவர் அதை விளங்கிக்கொள்ள மாட்டார் என்று நபியவர்கள் எச்சரித்தது அப்துல்லாஹ் இப்னு அம்ர் அவர்கள் வழியாக நமக்கு வந்திருக்கிறது. நிறுத்தி நிதானமாக ஓதும்படி முஸ்ஸம்மில் சூரா நேராகவே ஏவுகிறது. வருஷம் முழுக்க ஹஜ்ரத்திடம் நிதானம் கற்ற பிள்ளை, ரமழானில் நம் பின்னால் நின்று அந்த வேகத்தைக் கேட்கிறது. பெரியவர்கள் ஏற்றுக்கொண்ட ஓதல் எது என்று அப்போது அது முடிவு செய்துகொள்கிறது. இரவு கால் மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை, எழுத்து விழாமல் ஓதுங்கள் என்று ஹாபிழிடம் முத்தவல்லி சொன்னால் போதும். அந்தச் சொல்லை அவர்கள்தான் சொல்ல முடியும்.

அம்மாமார்களில் பலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: “எங்களுக்கு இந்த வயசுல வருங்களா ஹஜ்ரத்?” வரும். திக்கித் திணறி, கஷ்டப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு மடங்கு நன்மை என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழி. வாரத்தில் இரண்டு மாலைகள், ஓதத் தெரிந்த பெண் ஆலிமாவை வைத்து ஃபாத்திஹாவையும் கடைசிப் பத்துச் சூராக்களையும் மட்டும் திருத்திக்கொள்ள ஜமாஅத் ஏற்பாடு செய்யட்டும். கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் பெண்கள் மதரஸாக்களில் படித்து முடித்த பிள்ளைகள் நம் சொந்தக்காரக் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அம்மாவின் ஃபாத்திஹா சரியானால் வீட்டில் பாதி மதரஸா நடந்த மாதிரி.

ஷவ்வாலில் மதரஸா திறக்கும்போது மூன்று காரியங்கள் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஹஜ்ரத்திடம் ஒரே நேரத்தில் பத்து, பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். காலை ஒரு பிரிவு, மஃரிபுக்குப் பின் ஒரு பிரிவு என்று பிரியுங்கள். அதற்கு இன்னொரு ஆசிரியர் தேவைப்பட்டால் சந்தாவைக் கூட்டுங்கள், ஹஜ்ரத்தின் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். முதல் வருஷத்தில் எந்தப் பிள்ளையின் ஜுஸ்உ எண்ணையும் கேட்காதீர்கள். எழுத்தும் ஃபாத்திஹாவும் சின்னச் சூராக்களும் மட்டுமே அந்த வருஷத்துப் பாடம் என்று பலகையில் எழுதிப் போடுங்கள். ஆண்டுத் தேர்வில் ஓதலோடு, சூரா எத்தனாவது, மக்காவில் இறங்கியதா மதீனாவிலா, எந்தக் குறிக்கு நிறுத்த வேண்டும் என்ற கேள்விகளையும் சேருங்கள். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுத்து ஹஜ்ரத்மார்களிடம் எழுத்தாகவே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளைத் திருத்துகிற வேலையை அவர்களும் நாங்களும் பார்த்துக்கொள்கிறோம்.